கோடைக் கொல்லையில் களையும் காய்கறியும்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுகிறவர்களுக்கான பக்கம் இது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துக் களிமண்ணையும் மோட்டார் தண்ணீரையும் வைத்துத்தான் அளவுகள் சொல்லியிருக்கிறோம். நம் ஊர்க் கணக்குப்படி 1 குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. அளவெல்லாம் ஒரு குழிக்கு. உங்கள் கொல்லை எத்தனை குழியோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, வெயில் கொளுத்துகிறது. செடி வாடுகிறது; களை மட்டும் எப்படிக் கொழிக்கிறது?

நீங்கள் தண்ணீர் விடுவதால்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதற்குப் பிறகு டெல்டாவில் வெளியெல்லாம் வெடித்துக் கிடக்கும்போது, ஈரம் இருக்கிற இடம் உங்கள் பாத்தி ஒன்றுதான். மண்ணுக்குள் வருடக்கணக்காகக் கிடக்கிற விதைக்கு வேறென்ன வேண்டும்? அதிலும் சாரணை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் சூடு ஏற ஏற வேகமாக வளர்கிற சாதி. கத்தரியும் மிளகாயும் திணறுகிற வெயில் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே கோடையில் களைக்கட்டுப்பாடு என்பது பாதிக்கு மேல் தண்ணீர்க் கட்டுப்பாடுதான். ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாத்தி முழுக்கப் பீய்ச்சினால், இரண்டு செடிக்கு நடுவே இருக்கிற காலி இடத்துக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். செடி வேரடியில் மட்டும் விட்டு, மிச்ச இடத்தை மூடிவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாக் களையையும் ஒரே மாதிரி பிடுங்கினால் போதாதா?

போதாது. விதையால் பெருகுவது ஒரு ரகம், வேராலும் கிழங்காலும் பெருகுவது இன்னொரு ரகம். சாரணை, குப்பைமேனி, நாய்க்கடுகு, குப்பைக்கீரை, பார்த்தீனியம் முதல் ரகம். பூப்பதற்கு முன் அறுத்தெறிந்தால் கதை முடிந்தது. சாரணை முளைத்து ஒரு மாதத்துக்குள் பூத்து விதை கொட்டத் தொடங்கும். அதனால் இந்த ரகத்துக்கு இருபது நாளுக்கு ஒருமுறை கண்டிப்பாக ஒரு சுற்று வர வேண்டும்.

கோரை, அருகு, மூக்கிரட்டை இரண்டாவது ரகம். மேலே வெட்டினால் கீழிருந்து திரும்ப வரும். இவற்றுக்கு வேறு வைத்தியம், கீழே சொல்கிறோம்.

வேலை செய்கிற நேரமும் ஒன்றல்ல. கையால் பிடுங்குவதென்றால் தண்ணீர் விட்ட மறுநாள் காலையில்: மண் இளகியிருக்கும், வேரோடு வரும். களைக்கொத்தால் கொத்துவதென்றால் மண் மேலே காய்ந்திருக்கும் நாளில், காலை ஒன்பது பத்து மணிக்கு: வெட்டுப்பட்டது மதியத்துக்குள் சுருண்டுவிடும். ஈரத்தில் கொத்தினால் பாதிக் களை மறுபடி வேர் பிடிக்கும். பருப்புக்கீரை இதில் ரொம்ப மோசம். தண்டுத் துண்டு ஈர மண்ணில் கிடந்தாலே போதும், துளிர்த்துவிடும். பிடுங்கிப் போட்ட பிறகும் அதன் விதை முற்றும். அதைப் பாத்தியிலோ வரப்பிலோ விடாமல் கூடையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள்.

பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். தோல் அரிப்பு வந்தால் சிலருக்குப் பல நாள் போகாது.

கோரையை ஒழிக்கவே முடியாதா?

ஒரே கோடையில் முற்றாக ஒழியாது. ஆனால் இரண்டு கோடை ஒழுங்காகச் செய்தால் தொல்லை இல்லாத அளவுக்கு இறங்கிவிடும். முதலில் அது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் மணி கோத்த மாதிரி ஒரு சரமாக இருக்கும். சரத்தின் நுனிக்கிழங்கு முளைத்துக்கொண்டிருக்கும்வரை பின்னால் இருப்பவை பெரும்பாலும் உறங்கும். சரத்தை அறுத்தால் ஒவ்வொன்றும் தனியாக விழித்துக்கொள்ளும். பவர் வீடர் என்கிற களையெடுக்கும் இயந்திரம் விட்டு ஓட்டிய கொல்லையில் மூன்றே வாரத்தில் கோரை பச்சைப்பாய் விரித்தது போல் வருவதற்குக் காரணம் இதுதான். கையால் இழுத்தாலும் தாள் மட்டும் அறுந்து வரும். அடிக்கிழங்கு உள்ளேயே நிற்கும்.

கோரை பயப்படுகிற விஷயம் இரண்டு: காய்ச்சலும் நிழலும். நம் பங்குனி, சித்திரை வெயிலை விடக் காய்ச்சலுக்கு நல்ல காலம் கிடையாது. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை.

பாத்தி காலியாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். டெல்டாக் களிமண் காய்ந்தால் கடப்பாரையே இறங்காது. எனவே ஒருமுறை மிதமாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்து, ஒரு பிடி மண்ணை உருட்டினால் உருண்டையாகி, தட்டினால் உடைகிற பதத்தில் மண்வெட்டியைப் போடுங்கள். கிழங்கில் பெரும்பங்கு மேல் அரையடி, முக்காலடிக்குள் இருக்கும்; ஆகவே முக்காலடி ஆழம் கட்டாயம். கட்டிகளைப் புரட்டி வேர்ப்பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள். நாலைந்து நாள் கழித்துக் கட்டியை உடைத்து, வெளியே வருகிற கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உடைக்காத கட்டிக்குள் இருக்கும் கிழங்கு பத்திரமாக இருக்கும். ஆடியில் உங்களை வந்து பார்க்கும். பிறகு ஒரு வாரம் காயவிட்டு இன்னொரு முறை புரட்டுங்கள். மொத்தம் மூன்று வாரம். இடையில் கோடை மழை ஒன்று பெய்து மண் நனைந்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பொறுக்கிய கிழங்கை எருக்குழியில் போட வேண்டாம். சிமெண்ட் தரையில் பரப்பி, கடித்தால் சுள்ளி மாதிரி உடைகிற அளவுக்குக் காயவிட்டு, அடுப்பில் போடுங்கள்.

செடி நிற்கிற பாத்தியில் இப்படித் தோண்ட முடியாது. அங்கே கோரை ஐந்தாறு இலை விடுவதற்குள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அறுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு முறை துளிர்க்கும்போதும் கிழங்கின் சேமிப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது. அதை மூன்று நாலு வாரம் நிம்மதியாக வளரவிட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அறுப்பைப் பாதியில் நிறுத்தினால் அதுவரை பட்ட பாடு வீண்.

கோரை அடர்ந்த மூலையில் காய்ச்சல் வைத்தியம் முடிந்ததும் பூசணியோ சர்க்கரைவள்ளியோ தட்டைப்பயறோ போட்டுத் தரை தெரியாமல் படரவிடுங்கள். நிழலில் கோரை மெலிந்துபோகும். கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பை நம்பாதீர்கள், ஊசி முனைபோல் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.

அருகம்புல்?

கோரையைவிட எளிது. ஓடுகிற கொடியையும் மண்ணுக்குள் வெள்ளையாக ஓடும் தண்டையும் ஒரு கணு விடாமல் உருவ வேண்டும். ஒரு கணு தங்கினாலும் திரும்பும். பெரும்பாலும் வேலியோரத்திலிருந்துதான் உள்ளே நுழையும். ஆகவே பாத்திக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழத்துக்குக் கோடு கிழித்த மாதிரி வெட்டிவிட்டு, மாதம் ஒருமுறை அதைத் தாண்டுகிற கொடியை அறுங்கள். பிள்ளையாருக்கு வேண்டுமென்று ஒரு பிடி விட்டுவைக்கிறவர்கள் தயவுசெய்து தொட்டியில் வையுங்கள்.

விதைப்பதற்கு முன்பே களையைக் குறைக்க வழி உண்டா?

இரண்டு வழி உண்டு. முதலாவது களையை ஏமாற்றுவது. பாத்தியை விதைப்புக்குத் தயாரித்து முடித்துவிட்டு, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் மேல்மண்ணில் இருக்கிற களைவிதை எல்லாம் முளைத்து நிற்கும். இரண்டிலைப் பருவத்தில் களைக்கொத்தால் ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் சீவிவிட்டு, அதற்குப் பிறகு விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் அடுத்த தவணை விதையை மேலே கொண்டுவந்துவிடுவீர்கள், பலன் கெட்டுவிடும்.

இரண்டாவது வெயிலை வைத்தே சுடுவது. பாத்தியை மட்டப்படுத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணுக்குள் புதையுங்கள். நாலு முதல் ஆறு வாரம் அப்படியே விடுங்கள். சித்திரையும் வைகாசியும் இதற்கு ஏற்றவை. கறுப்புத் தாள் வேண்டாம். அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குள் இறங்க விடாது. தாளில் ஓட்டை இருந்தால் சூடு தங்காது. மண் காய்ந்திருந்தாலும் சூடு ஆழம் போகாது, நனைப்பது அதற்காகத்தான். சாரணை, குப்பைக்கீரை போன்றவற்றின் விதைக்கு நல்ல பலன். கோரைக் கிழங்குக்கு இது போதாது.

மண்ணை மூடிப் போடுகிற மூடாக்குக்கு எது நல்லது? வைக்கோல் போட்டால் கறையான் வருகிறது, நெல் முளைக்கிறது.

இரண்டும் நடப்பதுதான். ஆனாலும் டெல்டாவில் வைக்கோலை விட மலிவாக, கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லை. குழிக்கு 12 முதல் 14 கிலோ பிடிக்கும். போடும்போது நாலு விரற்கடைக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும். பதினைந்து நாளில் அமுங்கிப் பாதியாகிவிடும். அப்போது மேலே இன்னொரு அடுக்கு. மெல்லிசாகத் தூவினால் களைக்கு அது குடை பிடித்த மாதிரி. ஈரம் காப்பாற்றிக் கொடுத்து இன்னும் நன்றாக வளர்க்கும்.

இயந்திர அறுவடை வைக்கோலில் நெல் தங்கியிருக்கும். பயன்படுத்துவதற்கு முன் களத்தில் உதறி, ஒருமுறை தண்ணீர் தெளித்து ஒரு வாரம் குவித்துவையுங்கள். முளைப்பது முளைத்துவிடும், பிறகு பிரித்துக் காயவைத்துப் போடலாம். கறையான் முதலில் தேடி வருவது காய்ந்து கிடக்கிற வைக்கோலை. மூடாக்குக்கு அடியில் குழிக்கு 1 கிலோ வேப்பம்பிண்ணாக்குத் தூளைத் தூவி, வாரம் இருமுறை மூடாக்கின் மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். சுவரோரத்திலும் மரக்காலுக்கு அடியிலும் வைக்கோலை ஒட்டிப் போடாதீர்கள்.

செய்கிற வரிசையும் முக்கியம். முதலில் களை எடுப்பு, பிறகு நல்ல பாய்ச்சல், அதற்கு மேல்தான் மூடாக்கு. காய்ந்த மண்ணை மூடினால் கோடைத்தூறல் மூடாக்கோடு நின்றுவிடும். அடியில் மண் வெந்துகொண்டிருக்கும். செடி நாலு அங்குலம் வளர்ந்த பிறகே போட வேண்டும். தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தழுகல் வரும். கத்தரியும் மிளகாயும் அப்படித்தான் திடீரென்று சாய்கின்றன.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. கரும்புத் தோகை வைக்கோலைவிட நாள்பட நிற்கும். நறுக்கிப் போட வேண்டும். பங்குனியில் உளுந்து அடித்த பிறகு கிடைக்கும் கொடியும் பொட்டும் அருமையான மூடாக்கு, மட்கினால் உரம். உமி காற்றில் பறக்கும். தோகைக்கு அடியில் போட்டால் நிற்கும். தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி உப்பை இறக்காமல் போட வேண்டாம். ஆகாயத்தாமரையைக் கரையில் வேர் மேலே பார்க்கப் போட்டுப் பத்து நாள் காயவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஊர்ச் சாக்கடை கலக்கிற இடத்தில் வளர்ந்ததைக் கீரைப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள், அழுக்குத் தண்ணீரில் இருக்கிற உலோகங்களை எல்லாம் இழுத்து வைத்திருக்கும்.

இந்த வெயிலில் என்னென்ன வரும்?

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, பீர்க்கை, புடலை, பாகல், சுரை, வெள்ளரி, பூசணி, தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை. தை, மாசியில் நட்ட கத்தரியும் மிளகாயும் பழுதில்லாமல் ஓடும். அவரை வேண்டாம், பெரும்பாலான நாட்டு ரகங்கள் பகல் குறையும் பனிக்காலத்தில்தான் பூக்கும். தக்காளி நடலாம், செடி வளரும், பூவும் வரும். ஆனால் பகல் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுங்குகிற நாட்களில் பூ உதிர்ந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் தக்காளி பறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் தண்ணீரைத்தான் வீணாக்குகிறார்கள்.

வெண்டைக்கு வரிசை ஒன்றரை அடி, செடி ஒரு அடி. விதையை ராத்திரி ஊறவைத்து, ஒரு இடத்துக்கு இரண்டு விதை ஊன்றி, பத்தாம் நாள் ஒன்றைக் கிள்ளிவிடுங்கள். நாலு பேர் வீட்டுக்கு 25, 30 செடி தாராளம். 45 நாளில் காய் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றும், புதுப் பிஞ்சும் குறையும்.

பந்தல் காய்களுக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழக் குழி. மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய எரு கலந்து நிரப்பி, நாலைந்து விதை போட்டு, நல்லதாக இரண்டை விட்டுவையுங்கள். குழிக்குக் குழி ஆறு முதல் எட்டு அடி.

கீரைக்கு மட்டும் ஒரு தனிப் புத்தி. தூவி விதைத்தால் முளைத்த பத்தாம் நாள் எது முளைக்கீரை, எது குப்பைக்கீரை என்று பழகிய கண்ணுக்கே தெரியாது. ஒரு சாண் இடைவெளியில் குச்சியால் கோடு கீறி, விதையை நாலு பங்கு மணலோடு கலந்து கோட்டுக்குள் விடுங்கள். கோட்டுக்கு வெளியே முளைப்பது எதுவானாலும் களை. எறும்பு விதையைத் தூக்கிப் போவதால் கோட்டின் மேல் அடுப்புச் சாம்பலையோ வேப்பம்பிண்ணாக்குத் தூளையோ லேசாகத் தூவுங்கள்.

எந்தக் காயானாலும் விதைத்த முதல் ஆறு வாரம்தான் களையோடு போட்டி. அதுவரை சுத்தமாக வைத்துவிட்டால் பிறகு செடியின் நிழலே பார்த்துக்கொள்ளும். வெண்டையில் இருபதாம் நாள் ஒரு களை, நாற்பதாம் நாள் ஒரு களை. அறுபதாம் நாளுக்கு மேல் வேர் அறுபடும்படி கொத்துவதால் இழப்புத்தான்.

தினமும் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

நம் பக்கத்துக் கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 லிட்டர் ஈரம் போகும். ஒரு குழி 13 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆக 70 முதல் 80 லிட்டர், பிளாஸ்டிக் குடத்தால் ஐந்து குடம். நல்ல மூடாக்கு இருந்து, வேரடியில் மட்டும் விட்டால் மூன்று குடத்தில் ஓட்டிவிடலாம்.

களிமண்ணில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மோசமான பழக்கம். மேலே ஒரு அங்குலம் நனையும், களை முளைக்கும், செடியின் வேர் மேலேயே சுற்றும். நெல்லுக்குச் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கேயும் பொருந்தும்: இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஆனால் ஊறும்வரை. விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். மதியம் இலை தொங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பூசணியும் சுரையும் வெயிலுக்கு அப்படித்தான் நிற்கும். காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தாகம். கீரையும் சிறு நாற்றும் முன்னதாகவே வாடும். அவற்றுக்கு மட்டும் தினம். மதிய வெயிலுக்கு மேற்கே ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தாலே போதும்.

மோட்டார் இல்லாத வீட்டில், அல்லது ஒரு வாரம் வெளியூர் போகும்போது, பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவையுங்கள். அதைச் சுற்றி ஒரு முழத்துக்குள் இருக்கிற செடிக்கு ஈரம் கசியும். காலி இடத்துக்கு ஈரம் போகாததால் களையும் குறைவு.

கடலோரம், போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. பாத்தி மேலே வெள்ளை பூக்கிறது.

அந்த வெள்ளை உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே தங்குகிறது. வாரம் ஒருமுறையாவது நிறைய விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள். தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும், அதனால் மேட்டுப்பாத்தி. மூடாக்கு இங்கே இரட்டிப்பு அவசியம், ஆவியாவதைத் தடுப்பதால். கொத்தவரை உப்பை நன்றாகத் தாங்கும், தட்டைப்பயறு ஓரளவு. வெங்காயமும் பீன்ஸும் தாங்காது. முதல் கோடைமழைத் தண்ணீரை வெளியே ஓடவிடாமல் பாத்தியில் நிறுத்துங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அது உப்பைத் திரட்டிய தண்ணீர்.

பூ நிறைய வருகிறது, காய் நிற்பதில்லை.

பந்தல் காயில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூ. வெயில் கூடினால் ஆண்பூ இன்னும் கூடும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண்பூ. அதுவும் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். கையால் சேர்க்கலாம், நேரம்தான் பலருக்கும் தவறுகிறது. சுரை, பீர்க்கை, புடலை மாலை மயங்கும்போது பூக்கும். பூசணி, பாகல் விடியற்காலையில். ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் மெல்லத் தொடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் பூசணிப்பூவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

பிஞ்சு நின்று, பிறகு வளைந்து அழுகினால் அது பழ ஈ. விழுந்த காயை ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள், எருக்குழியில் போட்டால் அங்கேயே பெருகும். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையில் கட்டுங்கள்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. களைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. இது மஞ்சள் நரம்புத் தேமல். பரப்புவது வெள்ளை ஈ. வெள்ளை ஈ வேலியோரத்துத் துத்தியிலும் இன்னும் பல களையிலும் தங்கியிருந்துதான் உங்கள் வெண்டைக்கு வருகிறது. பாத்தியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வேலியில் துத்தியை வளரவிட்டால் என்ன பயன்? மாவுப்பூச்சியும் அப்படியே; பார்த்தீனியமும் துத்தியும் அதற்குத் தங்குமிடம்.

தேமல் வந்த செடிக்கு மருந்து இல்லை. முதல் இரண்டு மூன்று செடியில் கண்டவுடன் பிடுங்கிவிடுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்கும் என்று வந்த ரகம். அதிலும் இப்போது தேமல் தென்படுவதால் ரகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். குழிக்கு ஒரு மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்துக்குக் கட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கும் அளவுக்குக் காதிச் சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கம் படும்படி சாயங்காலத்தில் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

இலை அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிறிய புள்ளியும் இருந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன், வேறு விஷயம். காலையில் இலை அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

உப்புத் தண்ணீர், வினிகர், கடையில் விற்கும் களைக்கொல்லி. எதை அடிக்கலாம்?

உப்பு வேண்டவே வேண்டாம். களை சாகும், மண்ணும் சேர்ந்து சாகும். களிமண்ணில் உப்பு சேர்ந்தால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. டெல்டாவின் கடைமடை ஏற்கெனவே உப்போடு போராடுகிறது, நாம் வேறு போட வேண்டாம். வினிகர் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. முற்றத்துச் சிமெண்ட் வெடிப்பில் முளைப்பதற்குச் சோறு வடித்த கொதிகஞ்சியே போதும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி விஷயத்தில், பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாகவே பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லி வயிற்றுக்குள் போனால் மாற்றுமருந்து கிடையாது. பிள்ளைகள் ஓடுகிற, கீரை பறித்து உடனே சமைக்கிற கொல்லைக்கு இவை எதற்கு?

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. வயலில் நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரை அரைகுறையாக அலசி, அதிலேயே வேப்பெண்ணெய் கலந்து தக்காளிக்கும் கத்தரிக்கும் அடிப்பார்கள். சில நாளில் இலை நார்நாராகச் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொள்ளும். வைரஸ் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்குவார்கள். கொல்லைக்குத் தனியாக ஒரு கைத்தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

களையில் எதைச் சமைக்கலாம்?

பருப்புக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணையின் இளங்கொழுந்து, மணத்தக்காளி, கரிசலாங்கண்ணி. களையெடுத்த அன்று வீட்டில் கலவைக்கீரை மசியல் என்று இருப்பது நல்ல வழக்கம். தரையோடு படர்கிறதை எல்லாம் பருப்புக்கீரை என்று எண்ண வேண்டாம்; தண்டை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையையும் சாரணையையும் தவிர்ப்பது நல்லது. மருந்தடித்த வயல் வரப்பில் பறிக்காதீர்கள்.

எரு போட்ட பிறகுதான் களை கூடியது. வண்டல் அடித்ததும் கோரை வந்தது.

மாடு தின்ற புல்விதை சாணத்தோடு உயிரோடு வெளியே வரும். குவியலுக்குள் கை வைக்க முடியாத சூடு ஏறி, அதை இரண்டு மூன்று முறை புரட்டி மட்க வைத்தால்தான் விதை சாகும். ஓரத்தில் கிடந்த எருவில் சூடு ஏறியிருக்காது. புரட்டும்போது ஓரத்தை நடுவுக்குக் கொண்டுபோங்கள். குழிக்கு 30 முதல் 35 கிலோ மட்கிய எரு போதும்.

சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாரிய மண்ணையும் குளத்து வண்டலையும் கொல்லைக்கு அடிக்கிறார்கள். மண் நல்ல மண்தான். ஆனால் கோரைக் கிழங்கும், நெய்வேலிக் காட்டாமணக்கின் தண்டுத் துண்டும் சேர்ந்தே வரும். காட்டாமணக்கு ஒரு விரல் துண்டு ஈரத்தில் கிடந்தால் வேர்விட்டுவிடும். நேரே பாத்தியில் கொட்டாமல் ஓரமாக அரையடி கனத்துக்குப் பரப்பி, மூன்று வாரம் காயவிட்டு, துண்டுகளைப் பொறுக்கிய பிறகு சேருங்கள்.

கோடைப் பயிர் முடிந்தது. ஆடிப்பட்டத்துக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கிறது. பாத்தியைச் சும்மா போடலாமா?

சும்மா போட்டால் களை போட்டதாக ஆகும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும், சில வருடம் நடப்பது போல் முன்னே பின்னே ஆனாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பக்கத்துக் கொல்லை மண்ணிலும் ஈரம் ஊறும். காய்ச்சலில் தப்பிய கோரை அப்போதுதான் எழும். அதற்கு முன் வைகாசிக் கடைசியில் ஒருமுறை நனைத்து, குழிக்கு 100 கிராம் தக்கைப்பூண்டு விதையை அடர்த்தியாகத் தூவுங்கள். உப்பு மண்ணையும் தாங்கும். இடுப்பளவு வளர்ந்து தரையை இருட்டாக்கிவிடும். 40, 45 நாளில், பூ எடுக்கிற பருவத்தில், முற்றவிடாமல் அறுத்து நறுக்கி மண்ணோடு புரட்டி, ஈரம் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நாள் மட்கவிட்டு ஆடி விதைப்பைத் தொடங்கலாம். பொறுக்காமல் உடனே விதைத்தால் பச்சை மட்கும் சூட்டில் விதை அழுகும்.